லாட்ஜின் வாட்ஸ்அப் குழுவை மூடிவிடலாமா?

#1 மூலைமட்டம்

வணக்கம். லாட்ஜ் என்றதும் அறை வாடகை எவ்வளவு என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். ரகசியச் சடங்குகளோடு கூடும் ஃப்ரீமேசன் என்ற சகோதர சங்கத்தின் கிளைக்கும் லாட்ஜ் என்றுதான் பெயர், அதைப் பற்றிப் பேசுகிறேன். 22 வருஷமாக உறுப்பினர். அதில் 9 வருஷம் செயலாளர்.

கூட்ட அறிவிப்புக்குத் தபால் தலை ஒட்டி ஒட்டி நாக்கு வறண்டுபோய், வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தவன் நான்தான். 38 பேர். முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் போயிற்று. கூட்டத் தேதி, யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் தகவல், அவ்வளவுதான். பிறகு காலை வணக்கப் படங்கள் வந்தன. பொறுத்துக்கொண்டேன்.

போன தேர்தல் சமயத்தில் ஒருநாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஒருவர் ஓர் அரசியல் வீடியோவைத் தட்டிவிட்டார். அவர் எடுத்ததில்லை, எங்கிருந்தோ வந்தது. முழுக்கப் பார்த்தாரா என்பதே சந்தேகம். "இதை நம்புகிற ஆளோடு இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேனா" என்று இன்னொருவர் பதில் போட்டார். விடிவதற்குள் 116 செய்திகள். நான் எழுந்து பார்த்தபோது நான்கு பேர் குழுவிலிருந்து வெளியேறியிருந்தார்கள்.

அந்த இருவரும் பதினான்கு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருவர் எந்தக் கட்சி என்று மற்றவருக்கு அதுவரை தெரியாது. தெரியாமலேதான் ஒருவர் மகளின் படிப்புக்கு மற்றவர் பணம் புரட்டிக் கொடுத்தார். இப்போது இரண்டு நாற்காலியும் காலி.

இணையத்தால் நம் ரகசியமெல்லாம் சந்தி சிரிக்கிறது என்று மூத்தவர்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. எனக்கு வேண்டியது ஒரே பதில்தான்: குழுவை மூடலாமா, வேண்டாமா?

#2 ரசமட்டம்

மூடுங்க சார். மறுநாளே வேற குழு ஆரம்பிப்பாங்க, உங்களைச் சேர்க்காம. எங்க லாட்ஜுல மூணு ஓடுது. ஒண்ணு அறிவிப்புக்கு. ஒண்ணு அரட்டைக்கு. மூணாவது, முதல் ரெண்டுலயும் இருக்கிற ஒருத்தரைப் பத்திப் பேசறதுக்கு.

#3 தூக்குக்குண்டு

மூடுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

லாட்ஜ் கூடும்போது கதவுக்கு வெளியே டைலர் உருவிய வாளோடு நிற்கிறார். (வெளியிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்த டைலர் துணி தைப்பவர் அல்ல, வாசல் காவலர்.) உள்ளே வருபவர் யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். உங்கள் வாட்ஸ்அப்புக்கு டைலர் யார்? யாருடைய போன் யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

ரகசியம் போனதில் கவலை இல்லை என்கிறீர்கள், எனக்கு இருக்கிறது. யாரோ ஒளித்து எடுத்த சடங்குக் காட்சிகள் யூடியூபில் ஓடுகின்றன. கைகுலுக்கும் முறைக்குப் படம் போட்டு அம்புக்குறி காட்டுகிறான் ஒருவன். வாயிலிருந்து காதுக்கு என்று வந்த விஷயம் இன்று விரலிலிருந்து கண்ணுக்கு. இதற்குமேல் என்ன மிச்சம்?

#4 பழைய ஏடு

ஐயா தூக்குக்குண்டு அவர்களின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் பழியை யூடியூப் மேல் போடுவது கால வரிசைக்கு ஒத்துவரவில்லை.

லண்டனில் நான்கு லாட்ஜுகள் சேர்ந்து, தங்களுக்குத் தலைமை அமைப்பாக முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தது 1717 ஜூன் 24 என்பது நாம் சொல்லிவரும் கணக்கு. (அது 1721தான் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.) 1730 அக்டோபரில் சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் உறுப்பினர் ஏறும் மூன்று படிநிலைகளின் சடங்கையும் கேள்வி-பதிலாக எழுதிச் சிறு நூலாக அச்சடித்து விற்றுவிட்டார். அந்த மாதத்திலேயே மறுபதிப்பு வந்தது. அதாவது ரகசியம் கட்டிக்காக்கப்பட்டது பதின்மூன்றே வருஷம். இந்த வயதில் ஒரு பையன் எட்டாம் வகுப்புகூடத் தாண்டியிருக்க மாட்டான்.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. புத்தகத்தைப் படித்துவிட்டு யாராவது நுழைந்துவிடுவார்களோ என்று பயந்து, முதல் இரண்டு படிகளின் அடையாளச் சொற்களை கிராண்ட் லாட்ஜ் முன்பின்னாக மாற்றியதாகச் சொல்லப்படுகிறது. 1751-இல் லண்டனில் பெரும்பாலும் அயர்லாந்துக்காரர்கள் சேர்ந்து போட்டி கிராண்ட் லாட்ஜ் தொடங்கியபோது, "நீங்கள் பழைய முறையைக் கெடுத்துவிட்டீர்கள்" என்பது அவர்களுடைய பெரிய குற்றச்சாட்டு. தங்களைப் 'பழையவர்கள்' என்று சொல்லிக்கொண்டார்கள். தங்களைவிட மூத்த அமைப்புக்குப் 'புதியவர்கள்' என்று பட்டம் கட்டினார்கள். அந்தப் பெயர்தான் நிலைத்தது! இரண்டும் ஒன்றுசேர 1813 டிசம்பர் வரை ஆயிற்று.

கசிவு பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. கசிவுக்குப் பயந்து செய்த வேலைதான் அறுபது வருஷத்துக்கு வாய்ச்சண்டையாக நீண்டது.

அமெரிக்காவிலும் இதே கதை, இன்னும் மோசமாக. 1826-இல் நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் மோர்கன் சடங்குகளை அச்சிடப் போவதாக அறிவித்தார். செப்டம்பரில் ஆள் கடத்தப்பட்டார், பிறகு யாரும் பார்க்கவில்லை. புத்தகம் என்னவோ வெளிவந்துவிட்டது. அதில் இருந்ததைப் படித்து யாரும் கொதிக்கவில்லை. எழுதியவர் காணாமல் போனதற்குத்தான் கொதித்தார்கள். மேசன்களை எதிர்ப்பதற்கென்றே ஒரு கட்சி உண்டாகி, 1832 அதிபர் தேர்தலில் வெர்மான்ட் மாநிலத்தை வென்றது.

#5 கரடுகல்

நான் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் எல்லாவற்றையும் நெட்டில் படித்துவிட்டுத்தான் போனேன். 1866-இல் அமெரிக்காவில் வந்த டங்கன் என்பவரின் சடங்கு நூல் இலவசமாகவே கிடைக்கிறது.

கண்ணைக் கட்டியதும் படித்தது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. என் கையைப் பிடித்து நடத்திப் போனவரின் விரல் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. எழுபதைத் தாண்டியவர், இதே சடங்கை எத்தனையோ தடவை செய்தவர். இருந்தும் ஒரு சொல் தவறிவிடக் கூடாதே என்று அவருக்குப் பதற்றம். அந்த நடுக்கம் எந்த பிடிஎஃப்-பிலும் இல்லை.

#6 தூக்குக்குண்டு

தம்பி, உனக்கு அமைந்தது. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை.

போன வருஷம் ஒரு பையனைச் சேர்த்தோம். சடங்கில் ஓர் இடம் உண்டு, எது என்று சொல்ல மாட்டேன், யாராக இருந்தாலும் ஒரு கணம் மூச்சு நிற்கும். இந்தப் பையன் அந்த இடம் வருவதற்கு இரண்டு வரி முன்னாலேயே முகத்தைத் தயார் செய்துகொண்டான். போட்டோவுக்கு நிற்கிறவன் மாதிரி. எதிரே நின்ற எனக்குத்தான் வாய் வறண்டுவிட்டது. நாற்பது பேர் கூடி ஒருவனுக்குக் கொடுக்க வைத்திருந்த ஒன்றை, எவனோ முன்பே பிரித்துப் பார்த்துக் கசக்கிவிட்டான்.

#7 ரசமட்டம்

இதுல அண்ணன் சொல்றது சரி. கதை தெரிஞ்சு கூத்து பார்க்கறது வேற, கூத்தாடுறவன் காதுல அடுத்த வசனத்தைச் சொல்லிக்கிட்டே பார்க்கறது வேற. எங்க லாட்ஜுல இப்ப விண்ணப்பம் வாங்கும்போதே சொல்லிடறோம்: "தேடாதீங்க. தேடினா நஷ்டம் எங்களுக்கு இல்ல, உங்களுக்கு." பாதிப் பேர் கேக்கறாங்க.

#8 வெளியாள்

மன்னிக்கணும், நான் மெம்பர் இல்லை. கூகுள்ல தேடி இங்க வந்தேன். எனக்கு ரெண்டு மாசமா ஒரு வெளிநாட்டு நம்பர்ல இருந்து மெசேஜ் வருது. டிபி-ல உங்க சின்னம், அந்த மூலைமட்டமும் கவராயமும், இருக்கு. "ஃப்ரீமேசன் இல்லுமினாட்டி சகோதரத்துவத்தில் சேருங்கள், 30 நாளில் செல்வம், புகழ், பாதுகாப்பு"ன்னு. பதிவுக் கட்டணம் மட்டும் முதல்ல அனுப்பணுமாம். இது உண்மையா? சேரணும்னா எப்படிச் சேரணும்?

#9 ரசமட்டம்

தம்பி, பணம் அனுப்பிட்டீங்களா? இல்லைன்னா அந்த நம்பரை உடனே பிளாக் பண்ணுங்க. அனுப்பிட்டீங்கன்னா பேங்குக்கும் சைபர் கிரைமுக்கும் இன்னிக்கே சொல்லுங்க. அடுத்து "சான்றிதழ் கட்டணம்", அப்புறம் "மோதிரம் அனுப்ப கூரியர் செலவு"ன்னு வரிசையா வரும். கூடவே மிரட்டலும் வரும்.

உண்மையான லாட்ஜ் எதுவும் முன்பின் தெரியாத ஆளுக்கு மெசேஜ் போட்டுக் கூப்பிடாது. செல்வம் தர்றோம்னும் சொல்லாது. இங்க வந்தா கையிலிருந்து சந்தா போகுமே தவிர உள்ள வராது. சேர விரும்புறவர்தான் கேக்கணும். அமெரிக்காவுல கார் பின்னாடி '2பி1ஆஸ்க்1'-னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க: ஒருத்தரா ஆகணும்னா ஒருத்தரைக் கேளு. கேட்டதும் நேர்ல பாப்பாங்க, வீட்டுக்கு வருவாங்க, ஏதோ ஒரு பரம்பொருள்ல நம்பிக்கை உண்டான்னு கேப்பாங்க, அப்புறம் உறுப்பினர் எல்லாரும் ரகசியமா ஓட்டுப் போடுவாங்க. நீங்க இருக்கிற இடத்துக்கான கிராண்ட் லாட்ஜ் இணையதளத்துலேர்ந்து அவங்க அலுவலகத்துக்கு நேரடியா எழுதுங்க.

#10 வெளியாள்

அனுப்பலை சார். பாதி வரைக்கும் போயிட்டேன், ஓடிபி வந்ததும் பயந்து நிறுத்திட்டேன். ரொம்ப நன்றி. அப்ப இல்லுமினாட்டின்னு ஒண்ணு இல்லவே இல்லையா? ரீல்ஸ் எல்லாம் பார்த்தா...

#11 பழைய ஏடு

இருந்தது. 1776 மே 1 அன்று இன்றைய ஜெர்மனியின் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற சட்டப் பேராசிரியர் தொடங்கினார். அதில் மேசன்கள் சிலரும் சேர்ந்தார்கள். பவேரிய அரசு 1784, 1785 ஆணைகளால் தடை செய்தது. பத்து வருஷம்கூட ஓடாத சங்கம். அதற்குக் கிடைத்த விளம்பரம் மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

"மேசன்கள் லூசிஃபரை வணங்குகிறார்கள் என்று ஆல்பர்ட் பைக்கே சொல்லியிருக்கிறார்" என்று அமெரிக்க மேசன் தலைவர் ஒருவர் பெயரில் ஒரு மேற்கோளும் சுற்றுகிறது, பார்த்திருப்பீர்கள். பைக் இறந்தது 1891-இல். அந்த மேற்கோள் அச்சில் வந்தது 1894-இல், பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றில். அதற்கு ஊற்றுக்கண் லியோ டாக்ஸில் என்ற பத்திரிகையாளர் கிளப்பிய புரளி. மேசன்களுக்குள் பேய் வழிபாட்டுக் குழு இருக்கிறது, அதிலிருந்து தப்பி வந்த டயானா வாகன் என்ற பெண் எல்லாவற்றையும் சொல்கிறாள் என்று வருஷக்கணக்கில் எழுதித் தள்ளினார். அவளை நேரில் காட்டுகிறேன் என்று 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸ் புவியியல் சங்க அரங்கில் கூட்டம் சேர்த்தார். மேடையேறி, அத்தனையும் என் கற்பனை, உங்களை ஏமாற்றினேன் என்று சொல்லிவிட்டுப் போலீஸ் காவலோடு வெளியேறினார்.

கட்டியவனே கலைத்துவிட்ட பொய்! அதுதான் இன்று உங்கள் ரீல்ஸில் பின்னணி இசையோடு வருகிறது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இப்போது ஊர்வாய்க்கு ஒலிபெருக்கியும் கிடைத்துவிட்டது.

#12 கரணை

இங்கே பேசுகிறவர்கள் எல்லாரும் இணையத்தால் என்ன போயிற்று என்றே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு வந்ததைச் சொல்கிறேன்.

நான் பெண். நானும் மேசன். ஆச்சரியப்படுகிறவர்கள் ஆச்சரியப்பட்டு முடியுங்கள், காத்திருக்கிறேன். ஆண்களும் பெண்களும் சேர்ந்து இயங்கும் 'லெ த்ருவா யூமேன்' பாரிசில் 1893-இல் தொடங்கியது. 1908-இல் லண்டனில் தொடங்கிய ஓர் அமைப்பு இன்று பெண்களுக்கு மட்டும். நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறோம், எங்கள் அப்பாக்களுக்கும் கணவன்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். என் அப்பா முப்பது வருஷம் மேசன். தோல்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாதம் ஒருமுறை கிளம்பிப் போவார். "பொம்பளைங்களுக்கு அது கிடையாதும்மா" என்பதுதான் அவர் சொன்ன ஒரே விஷயம். அவர் போன பிறகு, அந்தப் பெட்டியிலிருந்த, சடங்கில் இடுப்பில் கட்டும் ஏப்ரனை என்ன செய்வது என்று தேடப் போய்த்தான் பெண்கள் லாட்ஜ் என் கண்ணில் பட்டது. இணையம் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி இன்னும் பரணில்தான் இருந்திருக்கும்.

ஆண் லாட்ஜுகள் எங்களோடு சேர்ந்து உட்கார மாட்டார்கள். அது அவர்கள் விதி, அதை நான் குறை சொல்லவில்லை. 1999-இல் இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜே, பெண்களைச் சேர்ப்பது தவிர மற்றபடி அந்நாட்டுப் பெண்கள் லாட்ஜுகளின் நடைமுறை ஒழுங்காகவே இருக்கிறது என்று சொல்லிவிட்டது. அதையும் நெட்டில்தான் படித்தேன்.

#13 ரசமட்டம்

மேடம், அந்த ஏப்ரனை என்ன பண்ணீங்க?

#14 கரணை

அப்பாவின் லாட்ஜுக்கே கொடுத்துவிட்டேன். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம். நான் போய்ப் பார்க்க முடியாது. செயலாளர் போட்டோ எடுத்து அனுப்பினார். வாட்ஸ்அப்பில்தான்.

#15 மூலைமட்டம்

எல்லாரும் ரகசியத்தையே சுற்றி வருகிறீர்கள். நான் கேட்டது வேறு. கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

1723-இல் லண்டன் கிராண்ட் லாட்ஜுக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த சட்ட நூலில் ஆறாவது கட்டளை நடத்தையைப் பற்றியது. நேற்று அதை மறுபடி எடுத்துப் படித்தேன். மேசன் எங்கெங்கே எப்படி நடக்க வேண்டும் என்று ஆறு இடமாகப் பிரித்திருக்கிறார். லாட்ஜ் கூடியிருக்கும்போது. லாட்ஜ் முடிந்து, சகோதரர்கள் இன்னும் கலையாதபோது. வெளியார் இல்லாமல் சகோதரர்கள் சந்திக்கும்போது. வெளியார் முன்னிலையில். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும். முன்பின் தெரியாத சகோதரரிடம்.

மதம், நாடு, அரசியல் பற்றிய சண்டைகளை லாட்ஜின் வாசலுக்குள் கொண்டுவரவே கூடாது என்ற புகழ்பெற்ற வாக்கியம் இதில் எங்கே வருகிறது தெரியுமா? முதல் இடத்தில் இல்லை, இரண்டாவதில். அதாவது கூட்டம் முடிந்து, கோப்பை நிரம்பி, கழுத்துப் பட்டையைத் தளர்த்தி உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கான விதி அது. சடங்கு நடக்கும்போது யாரும் அரசியல் பேசப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆபத்து சாப்பாட்டு மேசையில்தான். 1715-இல், அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காக ஒரு கிளர்ச்சி நடந்து அடங்கி எட்டே வருஷம் ஆன நாடு அது. மேசையின் இரு பக்கமும் யார் யார் உட்கார்ந்திருந்தார்களோ!

என் சந்தேகம் இதுதான்: வாட்ஸ்அப் குழு இந்த ஆறில் எது? லாட்ஜ் கூடவில்லை, ஆனால் எல்லாரும் இருக்கிறார்கள். வெளியார் இல்லை, ஆனால் ஸ்க்ரீன்ஷாட் உண்டு. அவரவர் வீட்டில், படுக்கையில், விளக்கணைத்துப் படுத்திருக்கிறார்கள், ஆனால் 38 பேர் முன்னிலையில். ஆண்டர்சனின் இரண்டாவது இடத்துக்காவது ஒரு முடிவு உண்டு. சாப்பாடு முடிந்தால் எழுந்து போய்விடுவார்கள். இங்கே மேசையை விட்டு யாரும் எழுவதே இல்லை. கலையாத கூட்டம்.

வாளோடு நிற்கும் டைலர், வெளியே இருப்பவன் உள்ளே வராமல் பார்க்கிறார் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். உள்ளே வருகிறவன் கையோடு எதைக் கொண்டுவருகிறான் என்பதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கதவு. அவர்கள் இரண்டு பேரும் பதினான்கு வருஷம் நண்பர்களாக இருந்ததற்குக் காரணம் ஒருவரைப் பற்றி மற்றவருக்கு நிறையத் தெரிந்ததால் அல்ல, தெரியாததால். அதை எனக்கு வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

#16 கரடுகல்

ஐயா, தப்பா எடுத்துக்காதீர்கள். ஒருவரைப் பற்றித் தெரியாததால் நிலைத்த நட்பு, நட்புதானா? என் வயதுக்காரர்களுக்கு இது புரியாது. நான் லாட்ஜில் சேரும் முன்பே அங்கே இருக்கும் பாதிப் பேரின் பேஸ்புக்கைப் பார்த்துவிட்டேன். யார் என்ன கட்சி, என்ன சாதிப் பெருமை பேசுகிறார், எல்லாம் தெரியும். தெரிந்தேதான் சேர்ந்தேன். தெரிந்தும் சேர்ந்து உட்காருவதுதானே பெரிய விஷயம்?

#17 மூலைமட்டம்

தம்பி, நல்ல கேள்வி. பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று. நீ கட்சியைத் தெரிந்துகொண்டு அப்புறம் ஆளைப் பார்த்தாய். இவர்கள் ஆளை முழுதாகப் பார்த்து முடித்து, அப்புறம் கட்சியைத் தெரிந்துகொண்டார்கள். துரோகம் மாதிரி வலித்திருக்கிறது அவர்களுக்கு.

#18 பழைய ஏடு

கரடுகல் சொன்ன பேஸ்புக் விஷயம் இன்னொரு பக்கமும் வேலை செய்கிறது. விண்ணப்பதாரரை விசாரிக்கும் குழு முன்பெல்லாம் வீட்டுக்குப் போய், மனைவியிடமும் பேசிவிட்டு வருவார்கள். இப்போது கிளம்பும் முன்பே மொபைலில் ஒரு அலசு. எங்கள் லாட்ஜில் ஒருவருக்குக் கறுப்புக் குண்டு, அதாவது எதிர்வாக்கு, விழுந்தது. ரகசிய வாக்கு, யார் போட்டார் என்று கேட்கக் கூடாது. ஆனால் வாக்கெடுப்புக்கு முந்தின வாரம் அவருடைய ஏழு வருஷப் பழைய பதிவு ஒன்று சிலர் போனில் சுற்றியது எனக்குத் தெரியும். அந்த ஏழு வருஷத்தில் அவர் மாறியிருப்பாரோ என்று கேட்க யாரும் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

#19 தூக்குக்குண்டு

பார்த்தீர்களா? அதனால்தான் மூடு என்கிறேன். ஆளும் வருவதில்லை இப்போதெல்லாம். இணையம் வந்தது, ஆள் போயிற்று. வீட்டில் உட்கார்ந்து விரலைத் தேய்க்கிறவன் சட்டை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்கு எங்கே வரப்போகிறான்?

#20 பழைய ஏடு

இதிலும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஐயா. அமெரிக்க லாட்ஜுகளில் உறுப்பினர் எண்ணிக்கை உச்சத்தில் இருந்தது 1959-இல், 41 லட்சம். 1990-இல் சுமார் 25 லட்சம். அப்போது பொது ஜனங்கள் யாரும் வலைத்தளம் என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை. இன்று 10 லட்சத்துக்கும் கீழே. பெரும் சரிவு நம் கையில் போன் வரும் முன்பே நடந்துவிட்டது.

சகோதர சங்கங்கள் எதற்காக அவ்வளவு பெருகின என்று பார்த்தால் காரணமும் புரியும். 1868-இல் பென்சில்வேனியாவில் ஒரு தொழிலாளர் சங்கம் தொடங்கியது. உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போட்டு அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். இதைப் பார்த்து நூற்றுக்கணக்கான சங்கங்கள் கிளம்பின. பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் வந்தன, 1935-இல் அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதவைக்குப் பணம் கொடுக்க அரசாங்கமே இருக்கும்போது லாட்ஜ் எதற்கு என்று நிறையப் பேர் நின்றுவிட்டார்கள். சாயங்காலப் பொழுதைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. இணையம் கடைசியாக வந்த விருந்தாளி. அதற்குள் பந்தியில் பாதி காலி.

வேடிக்கை என்னவென்றால், ஆளுக்கு ஒரு டாலர் என்ற அதே வேலையை இன்று நிதி திரட்டும் இணையதளங்கள் செய்கின்றன. முகம் தெரியாதவர்கள் பணம் போடுகிறார்கள். போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

#21 கரணை

2020-ஐ யாரும் சொல்லவில்லையே? மார்ச்சில் எல்லா லாட்ஜும் அடைத்துக் கிடந்தபோது ஜூம் இல்லாவிட்டால் எங்கள் வயதான சகோதரிகள் சிலர் யாரோடும் பேசாமலே இருந்திருப்பார்கள். சடங்கு எதையும் திரையில் செய்யவில்லை, செய்யவும் கூடாது. வெறும் பேச்சுதான். ஒரு அம்மா ஒவ்வொரு வாரமும் மைக்கை ஆன் செய்ய மறந்து பத்து நிமிஷம் மௌனமாகப் பேசுவார். யாரும் குறுக்கிட மாட்டோம். முடித்ததும் எல்லாரும் தலையாட்டுவோம்.

#22 பழைய ஏடு

ஆமாம். இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜின்கீழ் 9659 என்ற எண்ணில் 1998-இலேயே 'இன்டர்நெட் லாட்ஜ்' என்று ஒன்று தொடங்கப்பட்டது. நாடு நாடாகச் சிதறியிருக்கும் உறுப்பினர்கள், தொடர்பெல்லாம் மின்னஞ்சலில். பெயரே இன்டர்நெட். ஆனால் அவர்களும் சடங்குக்கு ஒரே அறையில் கூடித்தான் ஆக வேண்டும்.

#23 ரசமட்டம்

ஜூம்ல இன்னொரு லாபம், பக்கத்துல உக்காந்திருக்கிறவர் தூங்கறது தெரியாது. நம்மளும்...

சரி, மூலைமட்டம் சார் கேட்ட கேள்விக்கு வருவோம். சார், குழுவை மூடாதீங்க. அட்மின் மட்டும் எழுதற மாதிரி மாத்திடுங்க. அறிவிப்பு போகும், வம்பு வராது.

#24 நெறியாளர்

இந்த இடத்தில் இருந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. அந்த வீடியோ எந்தக் கட்சியுடையது, யார் செய்தது சரி என்று இங்கேயே தொடங்கிவிட்டீர்கள். இழையின் தலைப்பை ஒருமுறை படித்துவிட்டு எழுதவும்.

#25 மூலைமட்டம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும்.

ரசமட்டம் சொன்னபடி அட்மின் மட்டும் எழுதுவதாக மாற்றினேன். அமைதி. போன் சத்தமே இல்லை. பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் எங்கள் மூத்த சகோதரர் ஒருவரின் மகன் கூப்பிட்டார். அப்பா ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உங்களில் யாரும் வரவில்லையே என்று கேட்கிறார் என்றார். எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். பெரியவர் குழுவில் எழுதப் பார்த்திருக்கிறார்; முடியவில்லை. பூட்டியவன் நான்.

அன்று சாயங்காலம் 38 பேரையும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். வெளியேறிய நான்கு பேரையும் சேர்த்துத்தான். அந்த இருவருமே எடுத்தார்கள். ஒருவர் "எந்த வார்டு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மற்றவர் குழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், நான் வார்டு எண்ணைச் சொன்னேன். ஒருவர் மறுநாள் காலை போயிருக்கிறார். மற்றவர் மாலை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே நாற்காலிதான், இரண்டு பேரும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், வேறு வேறு வேளையில். பெரியவர் இதை என்னிடம் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

இருவரும் இன்னும் கூட்டத்துக்கு வரவில்லை. குழுவை மறுபடி எல்லாருக்கும் திறந்திருக்கிறேன், ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மட்டும் பூட்டு. தினமும் நானே கையால் பூட்டித் திறக்கிறேன். ஒன்பது மணிக்கு என் பேத்தி "தாத்தா, கதவு" என்று ஞாபகப்படுத்துகிறாள். நலம் விசாரிக்கும் பொறுப்பாளரிடம் ஒரு பட்டியல் கொடுத்து, ஞாயிறுதோறும் ஆறு பேருக்காவது போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். போனில் பேசுவது அவருக்கு அலர்ஜி, முனகிக்கொண்டே செய்கிறார்.

#26 தூக்குக்குண்டு

டைலர் வேலையை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். சரி. ஒன்பது மணி என்பது எட்டரையாக இருக்கலாம்.

#27 ரசமட்டம்

சார், நெறியாளர் அடிப்பாரோன்னு பயமா இருக்கு, இருந்தாலும் கேக்கறேன். கட்சி பேர் வேண்டாம். அந்த வீடியோவுல அப்படி என்னதான் இருந்துச்சு?

#28 மூலைமட்டம்

எனக்குத் தெரியாது. டவுன்லோடு பண்ணவே இல்லை.